பந்து டப்பாவில் ஒரு கடிதம்

அத்தியாயம் 17

அந்த வீட்டில் பீரோ இருக்கிறது, அலமாரி இருக்கிறது, பூட்டு வைத்த இழுப்பறைகூட இருக்கிறது. ஆனால் முக்கியமான காகிதம் ஒன்றுகூட அவற்றில் இருக்காது. எல்லாம் டென்னிஸ் பந்து டப்பாவில்தான்.

மூன்று பந்து கொள்ளும் நீள டப்பா, மேலே பிளாஸ்டிக் மூடி. மகளின் பிறப்புச் சான்றிதழ் ஒரு டப்பா, ஃபிரிட்ஜ் கேரண்டி ஒரு டப்பா, கல்யாணப் பதிவு ஒரு டப்பா. சுருட்டிப் போட்டு மூடியை அழுத்திவிட்டால் பூச்சி வராது, ஈரம் ஏறாது என்பது கோச்சின் கட்சி. முப்பத்திரண்டு வருஷமாக ஒரு கல்லூரியின் மகளிர் டென்னிஸ் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக இருப்பவர் வீட்டில் காலி டப்பாவுக்கா பஞ்சம்?

"ஒருநாள் இதுல வசமா மாட்டப் போறோம், பாரு," என்று அவர் கணவர், மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர், கல்யாணமான புதிதிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்த நாள் இன்றைக்குத்தான் வந்தது. மாட்டிவிட்டதும் அவரேதான்.

அதற்கு முன்னால் போன வாரத்தை ஒரு எட்டு பார்த்துவிட்டு வந்துவிடலாம்.

இந்த சீசனோடு ஓய்வு பெறுகிறேன் என்று கோச் எழுதிக் கொடுத்ததும், கல்லூரி முதல்வர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "உங்க இடத்துக்கு யாரு? ஒரே ஒரு பேர் எழுதிக் குடுங்க. நீங்க எழுதுற பேருக்கு இங்க மறுபேச்சு கிடையாது." கெடு, வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி. அதாவது இன்று.

கோச்சின் ஒரே மகள் அதே அணியில் ஆறு வருஷமாகத் துணைப் பயிற்சியாளர். அம்மாவின் இடம் தனக்கு வேண்டும் என்று அவள் ஒருநாளும் வாய் திறந்து கேட்டதில்லை. ஆனால் வேறு இரண்டு ஊர்களிலிருந்து தேடி வந்த வேலையை வேண்டாம் என்றவள். ஏன் வேண்டாம் என்றாள் என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். அவள் அம்மாவுக்கும் நன்றாகவே தெரியும்.

"எழுதியாச்சா?" என்று நேற்று சாயங்காலம் மகள் கேட்டாள்.

"எழுதியாச்சு," என்று சொல்லிவிட்டு, பாதி குடித்த தண்ணீர் டம்ளரோடு கோச் சமையலறைக்குள் போய்விட்டார்.

யார் பெயர் என்று மகள் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை, பாவம்.

கடிதத்தில் இருந்தது அவள் பெயர் இல்லை.

●

காலை ஏழு மணி. மகள் வெளியே வேனைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு மேஜையில் இரண்டு பேர்.

"அவகிட்ட சொல்லிட்டியா?" என்றார் கண்ணாடிக் கடைக்காரர்.

"மேட்ச் முடியட்டும்."

"எத்தனாவது மேட்ச்?"

"ஏங்க, காலங்காத்தால வாயைக் கிளறாதீங்க. இன்னைக்குக் கடைசி லீக் மேட்ச். எனக்கும் இதுதான் கடைசி லீக். நிம்மதியா போயிட்டு வரேன்."

"அப்ப பக்கம் மாத்தலாமா?"

இது அந்த வீட்டுச் சட்டம். டென்னிஸில் வெயிலும் காற்றும் ஒருத்தருக்கே போய்விடக் கூடாது என்று அடிக்கடி பக்கம் மாறி ஆடுவார்கள் இல்லையா? கல்யாணமான முதல் வருஷம், ஜன்னலுக்குத் திரை போடுவதா வேண்டாமா என்று மூன்று நாள் நீண்ட ஒரு சண்டையில் இதைக் கண்டுபிடித்தவர் கண்ணாடிக் கடைக்காரர். சண்டை தீரவில்லை என்றால் எழுந்து நாற்காலியை மாற்றிக்கொள்ள வேண்டும். பிறகு எதிராளிக்காக நீ வாதாட வேண்டும், எதிராளி உனக்காக. கள்ளாட்டம் கூடாது. எத்தனையோ சண்டைகள் அந்த மேஜையில் பாதியிலேயே சிரிப்பாகிப் போயிருக்கின்றன.

"இன்னைக்கு முடியாது. நேரமில்லை," என்று கோச் எழுந்துவிட்டார்.

அவர் பக்கம் மாற மறுத்தது இதுதான் முதல் தடவை. கண்ணாடிக் கடைக்காரர் அதைக் கவனித்தார். ஊர் முழுவதுக்கும் பார்வை சோதித்து அனுப்புகிறவருக்கு இதுகூடத் தெரியாதா?

கவனித்ததோடு நிறுத்தியிருக்கலாம். உதவி செய்கிறேன் என்று போட்டிப் பையை எடுத்து வைத்தார். செருப்பு அலமாரி மேல் எப்போதும் ஒரு டப்பா நிற்கும். ஆட்டத்துக்கு முன்னால் கை கால் சூடேற்ற அடிக்கும் பழைய பந்துகள் அதில் இருக்கும். இன்றைக்கு அங்கே இரண்டு டப்பாக்கள் நின்றன. மதியம் வந்து எடுத்துப் போய் முதல்வரிடம் கொடுக்க மறந்துவிடக் கூடாதே என்று கடிதத்தை ஒரு டப்பாவில் போட்டு, கோச் தன் கையாலேயே பக்கத்தில் வைத்திருந்தார். இவர் ஒன்றை எடுத்தார். பைக்குள் போட்டார். ஜிப்பை இழுத்தார்.

எதை எடுத்தார் என்று நான் சொல்ல வேண்டுமா?

●

கல்லூரி வாசலில் இன்னொரு சட்டம் இருக்கிறது. அது அம்மாவும் மகளும் ஆறு வருஷம் முன்னால் போட்டுக்கொண்டது. கேட்டுக்கு வெளியே மகளுக்கு அவர் "அம்மா", "நீ". கேட்டுக்கு உள்ளே "கோச்", "நீங்க". கால் சுளுக்கிக்கொண்ட அன்றைக்குக்கூட மகள் "கோச்" என்றுதான் கத்தினாள். அணிப் பெண்கள் அதைச் சொல்லிச் சொல்லி இன்னும் சிரிப்பார்கள்.

ஒன்பது மணிக்கு ஆறு கோர்ட்டிலும் நெட் கட்டியாகிவிட்டது. மகள் பையிலிருந்து டப்பாவை எடுத்தாள். பழக்கத்தில் ஒரு தடவை குலுக்கினாள். பந்து உருளும் சத்தம் இல்லை. மூடியைத் திறந்தாள்.

உள்ளே ஒரு காகிதம். அம்மாவின் நெட்டைக் கையெழுத்து.

நெட் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றபடியே படித்தாள். பெரிய கடிதம் ஒன்றுமில்லை, ஐந்து வரி. என் இடத்துக்கு நான் பரிந்துரைப்பது எங்கள் அணியின் பழைய கேப்டனை என்று இருந்தது. அணியில் எல்லோரும் "இடக்கை" என்று கூப்பிட்டவள், இப்போது வேறொரு ஊர்க் கல்லூரியில் பயிற்சியாளராக இருப்பவள். மகளைப் பற்றி ஒரு சொல் இல்லை. நல்லதாகவும் இல்லை, கெட்டதாகவும் இல்லை.

இன்னொரு தடவை படித்தாள். காகிதத்தை முன்பு இருந்த மாதிரியே சுருட்டி உள்ளே போட்டாள். மூடினாள். பையின் அடியில் தள்ளிவிட்டு, புது டப்பா ஒன்றை உடைத்தாள்.

"வார்ம்-அப்புக்கே புதுசா, மேடம்?" என்றாள் ஒரு பெண்.

"கடைசி லீக் மேட்ச் இல்லையா? அனுபவிங்க," என்றாள் மகள். குரலில் ஒன்றும் தெரியவில்லை.

●

மொத்தம் ஏழு ஆட்டம், நாலு ஜெயித்தால் வெற்றி. ஒரு இரட்டையர், ஆறு ஒற்றையர். முதல் மூன்று கோர்ட் கோச்சுக்கு, கடைசி மூன்று மகளுக்கு. ஆறு வருஷமாக அதுதான் பங்கு.

மதியம் ஒரு மணிக்கு மூன்றுக்கு மூன்று. ஆறாம் கோர்ட் மட்டும் பாக்கி. அங்கே ஆடிக்கொண்டிருந்தவள் முதலாம் ஆண்டுப் பெண். ஆறடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. "ஒட்டடைக்குச்சி" என்று பெயர் வைத்திருந்தார்கள். மூன்றாவது செட்டில் நாலுக்கு ஐந்து என்று பின்தங்கியிருந்தாள். அடுத்த சர்வீஸ் அவளுடையது, அதை விட்டால் எல்லாம் போச்சு. அவளோ அந்த செட்டில் மட்டும் ஆறு தடவை இரண்டு சர்வீஸும் தவறி டபுள் ஃபால்ட் போட்டிருந்தாள். முகம் தொங்கிப் போயிருந்தது.

கோச் தன் கோர்ட்டுகளை முடித்துவிட்டுக் கம்பிவேலி ஓரம் வந்து நின்றார். என்ன கோளாறு என்று அவருக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது. பயத்தில் அந்தப் பெண் டாஸுக்குப் பந்தை மேலே போடவே இல்லை, நெற்றிக்கு நேராக வைத்து அடிக்கிறாள். 'டாஸை உயர்த்து' என்று சொல்ல நாக்கு துறுதுறுத்தது. ஆனால் அது மகளின் கோர்ட்.

பக்கம் மாறும் இடைவேளை. ஒன்றரை நிமிஷம். மகள் போய் அந்தப் பெண் முன்னால் குந்தி உட்கார்ந்தாள்.

"உங்க வீட்ல பல்பு மாத்துறது யாரு?"

ஒட்டடைக்குச்சி விழித்தாள். "நான்தான் மேடம். வேற யாருக்கும் எட்டாது."

"ஸ்டூல் போட்டா?"

"எனக்கு எதுக்கு மேடம் ஸ்டூல்?"

"அதானே! அப்ப பந்தையும் அங்கயே வை, பல்பு இருக்கற இடத்துல. போ, நாலு பல்பு மாட்டிட்டு வா."

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தண்ணீர் புரையேறும் அளவுக்குச் சிரித்தாள். போய் பல்பு மாட்டினாள். ஐந்துக்கு ஐந்து. அப்புறம் ஆறு. அப்புறம் ஏழு.

பிறகு கேட்ட கூச்சலில் எதிர்க் கட்டிடத்து ஜன்னல்கள் எல்லாம் திறந்துகொண்டன. இறுதிச் சுற்றுக்குப் போகிறது அணி. பெண்கள் ஒட்டடைக்குச்சியைத் தூக்கப் பார்த்து, முடியாமல் எல்லோருமாக விழுந்தார்கள். கோச் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். அவர் மனசு ஆட்டத்தில் இல்லை. பல்பில் இருந்தது.

●

பெண்கள் சாப்பிடப் போன பிறகு கோர்ட்டில் இரண்டு பேர்தான் மிச்சம். மகள் பையைத் துழாவி, டப்பாவை எடுத்து, பெஞ்சின் மேல் வைத்தாள்.

"கோச், இதுல மூணு பந்து இருக்கணும்."

கோச் டப்பாவை எடுத்துக் குலுக்கிப் பார்த்தார்.

"படிச்சிட்டியா?"

"காலையில ஒன்பது மணிக்கு."

ஒன்பது மணிக்கா? அப்படியென்றால் நாலரை மணி நேரம் இதை நெஞ்சில் வைத்துக்கொண்டா அந்தப் பெண்ணைச் சிரிக்க வைத்தாள்? கோச் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்," என்றாள் மகள். "நான் உங்க பொண்ணா இல்லாம இருந்திருந்தா யார் பேரை எழுதியிருப்பீங்க?"

"இடக்கை நல்லா பண்றா. அவ டீம் போன வருஷம்..."

"நான் அதைக் கேக்கலை."

கோச் ஸ்கோர் தாளை எடுத்துச் சரிபார்க்க ஆரம்பித்தார். பதில் இல்லாமல் இருக்குமா? இருந்தது.

அந்த நேரம் பார்த்து கேட் பக்கம் யாரோ ஓடி வரும் சத்தம். கண்ணாடிக் கடைக்காரர்தான். கையில் ஒரு டப்பா. சாப்பிட வீட்டுக்குப் போனவர் செருப்பைக் கழற்றும்போது அது கை பட்டு விழுந்து, மூன்று பந்தும் கூடத்தில் உருண்டிருக்கிறது. அப்படியே கதவைச் சாத்திக்கொண்டு ஓடி வந்திருக்கிறார்.

"மாத்தி எடுத்துட்டேன்!" என்றார் மூச்சு வாங்க. பிறகு இரண்டு முகங்களையும் பார்த்தார். "லேட்டா?"

"நாலரை மணி நேரம் லேட்டுப்பா," என்றாள் மகள்.

அவர் தன் டப்பாவையும் பெஞ்சில் வைத்தார். பிறகு அம்பயர் நாற்காலியின் ஏணியில் ஏற ஆரம்பித்தார். முழங்கால் இரண்டும் படிக்குப் படி முனகின. உச்சியில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"பக்கம் மாத்துங்க."

"இங்கயா? இது கோர்ட்டுங்க," என்றார் கோச்.

"பக்கம் மாத்துறது இங்கேருந்து நம்ம வீட்டுக்கு வந்ததுதானே? உட்காருங்க ரெண்டு பேரும். எனக்குக் கடையில ஆள் காத்திருக்கு."

அம்பயர் நாற்காலிக்கு இரண்டு பக்கமும் ஆளுக்கொரு நாற்காலி உண்டு. முறைப்படி முதலில் அவரவர் இடத்தில் உட்கார்ந்து, பிறகு எழுந்து மாறினார்கள். மகள் இப்போது கோச். கோச் இப்போது மகள்.

மகள்தான் தொடங்கினாள். குரலைக் கட்டையாக்கிக்கொண்டு, "வளவளன்னு பேசாதே. டாஸை உயர்த்து," என்றாள்.

"அம்பயர் எச்சரிக்கை. கிண்டல் கூடாது," என்றது மேலேயிருந்து ஒரு குரல்.

மகள் மூச்சை இழுத்து விட்டாள். "சரி. நான் முப்பத்திரண்டு வருஷமா இந்த டீமை நடத்தறேன். வருஷா வருஷம் யாரையாவது டீமை விட்டு எடுக்க வேண்டியிருக்கும். அந்தப் பொண்ணு அழும். அவங்க அப்பா வந்து கத்துவாரு. எல்லார்கிட்டயும் நான் சொன்னது ஒரே பதில்தான். 'இவ என் சொந்தப் பொண்ணா இருந்தாலும் இதையேதான் செய்வேன்.'" அவள் பேச்சு மெதுவாகிவிட்டது. "அதைச் சொல்லித்தான் அவங்களை எல்லாம் அனுப்பிவெச்சேன். இப்ப என் பொண்ணு பேரையே எழுதிக் குடுத்தா, அன்னைக்கு அழுதுட்டுப் போனவங்க முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்?"

சொல்லி முடித்துவிட்டுத் தன் கைகளையே பார்த்தாள். இது தனக்குத் தெரியும் என்பதே அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. கோபம் போகவில்லை. ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு நிற்க முன்பு மாதிரி தெம்பில்லை.

"அடுத்த ஆள்," என்றார் அம்பயர்.

கோச் தொண்டையைச் செருமினார். மகளாக இருப்பது அத்தனை சுலபமாக இல்லை.

"கோச்... ஆறு வருஷமா நான் நாலு, அஞ்சு, ஆறாம் கோர்ட்டுலயே நிக்கறேன். ஒருநாள்கூட முதல் கோர்ட்டை என்கிட்ட விட்டதில்லை. பேப்பர்காரங்க போட்டோ எடுக்க வந்தா என்னைப் பந்து பொறுக்க அனுப்பிடுவீங்க. உங்க பொண்ணுன்னு யாரும் ஒண்ணும் சொல்லிடக் கூடாதுன்னு என்னை ஒளிச்சே வெச்சீங்க. நான் செஞ்ச எதையும் நல்லாயிருக்குன்னு நீங்க சொன்னதே இல்லை. ஒட்டடைக்குச்சிக்கு முதுகுல தட்டிக் குடுப்பீங்க. எனக்கு இல்லை."

கோச் இத்துடன் நிறுத்துவார் என்று நினைத்தார்கள். நிறுத்தவில்லை.

"இன்னைக்கு அந்தப் பொண்ணை ஜெயிக்க வெச்சது நான். நீங்க போயிருந்தா டாஸ் டாஸ்னு சொல்லியே அவளை அழ வெச்சிருப்பீங்க. பல்பு மாட்டச் சொல்ல உங்களுக்குத் தெரியாது கோச். முப்பத்திரண்டு வருஷத்துல ஒருநாளும் தெரிஞ்சதில்லை."

"அதைக் கேட்டீங்களா, அம்பயர்?" என்றாள் மகள்.

"குறுக்கே பேசாதே. என் முறை இன்னும் முடியலை," என்று சொல்லிவிட்டு கோச் அழுதார். ஆறு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்ததை, மகள் உட்கார்ந்த நாற்காலியிலிருந்துதான் அவரால் சொல்ல முடிந்தது. மகளும் அழுதாள். கண்ணாடிக் கடைக்காரர் மறுபடியும் கண்ணாடியைத் துடைத்தார்.

"நீ என் பொண்ணா இல்லாம இருந்திருந்தா," என்றார் கோச், இப்போது தன் குரலில், "உன் பேரைத்தான் எழுதியிருப்பேன். ரெண்டு நிமிஷம் யோசிச்சிருக்க மாட்டேன்."

மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அந்த வார்த்தையே போதும்னு நான் பெரிய மனசு பண்ணிச் சொல்லுவேன்னு பார்க்கறீங்களா? போதாது, கோச்."

கண்ணாடிக் கடைக்காரர் சிரித்த சிரிப்பில் நாற்காலியே ஆடியது. கோச்சுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"பேனா குடுங்க," என்றார்.

ஸ்கோர் எழுதும் தாளின் பின்பக்கத்தில் மகளின் பெயரைப் போட்டு, அதன் கீழே எழுதினார். 'இவள் என் மகள். அதனாலேயே இவள் பெயரை எழுதத் தயங்கினேன். அது நியாயம் என்று நினைத்தேன். அநியாயம் என்று இன்றைக்குத் தெரிந்துகொண்டேன். மகளாக இல்லாவிட்டால் யாரைச் சொல்லியிருப்பேனோ, அவளைத்தான் இப்போது சொல்கிறேன்.' கீழே கையெழுத்து.

"இடக்கைகிட்ட நேத்தே சொல்லிட்டியே?" என்றார் கண்ணாடிக் கடைக்காரர், இறங்கியபடி.

"போன்ல சொன்னேன். உன் பேரைத்தான் எழுதியிருக்கேன்னு." கோச்சின் முகம் ஒரு கணம் சுருங்கியது. "அவளுக்கு அங்க நிரந்தர வேலை இருக்கு. அங்கயே இருக்கட்டும். சாயங்காலம் நானே கூப்பிட்டு மன்னிப்பு கேட்டுக்கறேன். திட்டினா வாங்கிக்கறேன்."

பழைய கடிதத்தை மகள் கிழிக்கப் போனாள். "காகிதத்தைக் கிழிக்கறது நம்ம வீட்ல கிடையாது," என்று கோச் வாங்கிக்கொண்டார். பழக்கம் யாரை விட்டது? இரண்டையும் ஒன்றாகச் சுருட்டி அதே டப்பாவில் போட்டு மூடியை அழுத்தினார்.

●

ஐந்துக்குப் பத்து நிமிஷம். முதல்வர் அறைக்குப் போகும் நீண்ட தாழ்வாரத்தில் அம்மாவும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தார்கள்.

அறைக்கு வெளியே பெஞ்சில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். காலடியில் ஒரு பெட்டி. இவர்களைப் பார்த்ததும் துள்ளி எழுந்து வந்து, இடது கையால் கோச்சின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கோச்! திடீர்னு வந்து நிக்கணும்னுதான் சொல்லாம வந்தேன். முதல்வரை நேர்ல பார்த்து வணக்கம் சொல்லிட்டுப் போலாம்னு."

கோச் வாயைத் திறந்தார். இடக்கை விடவில்லை.

"காலையில அங்க வேலையை ராஜினாமா பண்ணிட்டேன் கோச். ஆர்டர் கைக்கு வரட்டும், அவசரப்படாதேன்னு எல்லாரும் சொன்னாங்க. எங்க கோச் சொல்லிட்டா ஆர்டர் வந்த மாதிரிதான், அவங்க சொன்ன சொல்லை மாத்தினதே இல்லைன்னு சொல்லிட்டு வந்துட்டேன்." மகள் பக்கம் திரும்பி அவள் தோளை அணைத்துக்கொண்டாள். "நீ கூட இருக்கேங்கற தைரியம்தான் எனக்கு. ஒவ்வொரு பொண்ணைப் பத்தியும் நீதான் சொல்லித்தரணும், என்ன?"

மகள் தலையை ஆட்டினாள். வேறு என்ன செய்வாள்?

கதவு திறந்தது. குமாஸ்தா எட்டிப் பார்த்தார். "உள்ள வரச் சொல்றாங்க, மேடம்."

கோச் கையிலிருந்த டப்பாவைப் பார்த்தார். இரண்டு கடிதம். பிறகு மகளைப் பார்த்தார்.

"அம்மா," என்றாள் மகள்.

ஆறு வருஷத்தில் அந்த கேட்டுக்கு உள்ளே அவள் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. என் பேரைக் கொடு என்கிறாளா, வேண்டாம் என்கிறாளா என்று கோச்சுக்கு விளங்கவில்லை. கேட்கவும் நேரமில்லை. குமாஸ்தா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

டப்பாவின் மூடியைத் திறந்தபடியே கோச் உள்ளே போனார்.